ராணி கேக்காத சிப்பாய்

இராஜாங்கம்: ராஜாவை மேல ஏத்தாதடா, ஏத்துனா போச்சு.

துரைராசு: என்னப்பா போச்சு? செக்கு வச்சிருக்கான், வெள்ளை ராஜா மேல ஏறி சிப்பாயை ஒட்டி நிக்கிறாரு. அடுத்து சிப்பாய் ஒரே அடி. கடைசிக் கட்டம். ராணி. முடிஞ்சுச்சு.

இராஜாங்கம்: ஒனக்கு முடிஞ்சுச்சு. கறுப்பு யானை வேடிக்கை பாக்குமா? அதே வரிசையில சிப்பாய்க்கு அந்தப் பக்கம் வந்து ஒக்காந்துக்கும். இப்ப சிப்பாயை நகத்து பாப்பம்.

துரைராசு: நகத்துனா... ராஜாவுக்கு செக்கு. நகத்த முடியாது.

இராஜாங்கம்: அப்புறம் யானை சிப்பாயைத் தின்னும், நீ யானையைத் தின்னுவ. பலகையில ரெண்டு ராஜாவும் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கணும். வெள்ளை ஜெயிக்கணும்னுல்ல பேப்பர்ல போட்டிருக்கான்?

துரைராசு: என்ன போட்டிருக்கான்னே தெரியல. நீங்க அனுப்புன போட்டோவுல பாதி பக்கோடா எண்ணெய்.

இராஜாங்கம்: கோர்ட்டு கேன்டீன்ல பட்டுத்துணியிலயா மடிச்சுக் குடுப்பான்? காய் தெரியுதுல்ல? வெள்ளைக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். கறுப்புக்கு ராஜாவும் ஒரு யானையும். கறுப்பு ராஜா மூலையில மொடங்கிக் கெடக்காரு. அவ்வளவுதான் ஆட்டமே.

துரைராசு: அப்பா... இன்னிக்கு கேஸு. நேத்துலேருந்து எனக்கு சோறு எறங்கல. நீங்க மன்னார்குடி கோர்ட்டு வாசல்ல ஒக்காந்துக்கிட்டு சார்ஜாவுக்கு செஸ் புதிர் அனுப்புறீங்க.

இராஜாங்கம்: கூப்பிட இன்னும் நேரம் கெடக்கு. பேரு கூப்பிடுற டவாலியே இப்பத்தான் டீ குடிக்கப் போறான். ஒனக்கும் இன்னிக்கு லீவுதான?

துரைராசு: லீவுதான். வக்கீலம்மா என்ன சொன்னாங்க?

இராஜாங்கம்: சாவித்திரியம்மாவா? அதையேதான் சொல்லுது. நாங்க குடுத்த கேஸு, அவங்க எதுத்துக் குடுத்த கேஸு, ரெண்டும் இன்னிக்கு வருதாம். ஜட்ஜு முன்னாடி ராசியாப் போறோம்னு ரெண்டு தரப்பும் சொல்லிட்டா ரெண்டையும் முடிச்சிருவாங்களாம்.

துரைராசு: சொல்லிடுங்களேன்!

இராஜாங்கம்: யாரு முதல்ல சொல்றது?

துரைராசு: யாரு சொன்னா என்னப்பா?

இராஜாங்கம்: என்னவா? நில உச்சவரம்பு போராட்டத்துல எங்கப்பாரு ஜெயிலுக்குப் போயி வந்த நெலம்டா அது. பண்ணைக்கு ஏர் ஓட்டுன கை, சொந்த வயல்ல ஓட்டுச்சு. அந்த வயலுக்குத் தண்ணி போற மடையை அவங்க மண்ணு போட்டு அடைச்சிருக்காங்க, நான் முதல்ல எந்திரிச்சு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா? மாட்டேன்.

துரைராசு: எதுத்துக் கேஸு குடுத்த யூசுப் பாயும் அங்க எங்கயாச்சும் நின்னுக்கிட்டு இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு. வரப்பை வெட்டுனது இராஜாங்கம், நான் ஏன் முதல்ல எந்திரிக்கணும்னு.

இராஜாங்கம்: ஆமா... அதான் சொல்றாரு.

துரைராசு: சொல்றாரா?

இராஜாங்கம்: சொல்லுவாருங்கறேன்.

துரைராசு: அதென்ன 'வாரு'? போன வாரம் வரைக்கும் அவன் இவன்னுதான பேசுனீங்க?

இராஜாங்கம்: கோர்ட்டுக்குள்ள மரியாதையாப் பேசணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்கு. நீ ஆட்டத்தைப் பாருடா. மேல ஏறக் கூடாது. அப்ப எங்க போவ?

துரைராசு: எனக்கு ஆட்டமா கண்ணுல தெரியுது? பாஸ்போர்ட்டுதான் தெரியுது. தேதி முடியப் போவுது. புதுசுக்கு எழுதிப் போட்டா, ஊர்ல இவன் மேல கேஸ் இருக்குன்னு போலீஸ் ரிப்போர்ட் வருது. பாஸ்போர்ட் இல்லன்னா கம்பெனியில விசா அடிக்க மாட்டான். மூட்டையைக் கட்டுன்னுடுவான்.

இராஜாங்கம்: ஊர்லயே இல்லாத ஒன் பேரை எழுதிக் குடுத்தது யாரு? அவங்கதான?

துரைராசு: ஊர்லயே இல்லாத அவங்க மகன் பேரை எழுதிக் குடுத்தது யாரு? நீங்கதான?

இராஜாங்கம்: அது... ஸ்டேஷன்ல எழுதுறப்ப வீட்டுல இருக்குற ஆம்பளை பேரு பூரா சொல்றதுதான்டா வழக்கம். எழுதுறவரே 'வேற யாரு, வேற யாரு'ன்னு கேக்குறாரு. வாயில வந்துருச்சு.

துரைராசு: வாயில வந்துருச்சா? சார்ஜாவுல இருக்கவன் நம்ம வரப்புல வந்து நின்னு ஒங்களை மண்வெட்டிக் காம்பால அடிச்சான்னு?

இராஜாங்கம்: அவன் சார்ஜாவுலயா இருக்கான்? துபாய்னுல்ல சொன்னாங்க?

துரைராசு: ...துபாயோ என்னவோ. எனக்கென்ன தெரியும்? இருங்க, ராஜாவை நேரா யானை மேலயே வுட்டா என்ன? குறுக்க எறங்குனா யானை பக்கத்துல போயிடலாம். யானை ஓடணும்ல?

இராஜாங்கம்: ஓடும். எங்க ஓடும்? அடிவரிசைக்கு ஓடும். நீ சந்தோஷமா சிப்பாயை ராணி ஆக்குவ. அது பின்னாலேருந்து ஒரு செக்கு வைக்கும். முன்னால ராஜா, அதே கோட்டுல பின்னால ராணி. ராஜா ஒதுங்குனா?

துரைராசு: ராணி போச்சு. எப்படிப்பா இவ்வளவு வெரசா சொல்றீங்க? நீங்க இவ்வளவு ஆட மாட்டீங்களே.

இராஜாங்கம்: கொழுப்புடா ஒனக்கு. இங்க பக்கத்துல ஒருத்தர் ஒக்காந்திருக்காரு. அவரும் பாக்குறாரு.

துரைராசு: யாரு?

இராஜாங்கம்: கேஸுக்கு வந்தவரு. வேப்பமரத்தடியில ஒரே பெஞ்சு, என்ன பண்றது? ஆனா நீ யாரையும் கேக்கக் கூடாது, ஆமா. நீயாத்தான் சொல்லணும்.

துரைராசு: நான் யாரைக் கேக்கப் போறேன்...

இராஜாங்கம்: அங்க யாரோ மொணமொணங்குறாங்க.

துரைராசு: ரூம்காரன்பா. மலையாளி. சட்டைக்கு இஸ்திரி போடுறான்.

இராஜாங்கம்: இஸ்திரி பேசுமா?

துரைராசு: அவங்க வீட்டுக்குப் பேசுறான். ...இருங்க. ஆங், கேளுங்க. ராஜாவைக் கீழ எறக்குறேன். ஒரே ஒரு கட்டம்.

இராஜாங்கம்: யானையும் ஒரு கட்டம் எறங்கி செக்கு வைக்கும்.

துரைராசு: இன்னொண்ணு எறங்குறேன்.

இராஜாங்கம்: அதுவும் எறங்கும். செக்கு.

துரைராசு: மறுபடி.

இராஜாங்கம்: மறுபடி செக்கு. என்னடா, ஆத்துல படி எறங்குற மாதிரி ரெண்டு பேரும் எறங்கிக்கிட்டே போறீங்க?

துரைராசு: இப்ப நேரா எறங்காம, கோணலா ஒரு கட்டம். சிப்பாய் நிக்கிற கோட்டுக்கே வந்துட்டேன். இப்ப யானைக்கு என் ராஜா பக்கத்துல. செக்கு வைக்க எடமில்ல. இன்னும் ஒண்ணு எறங்குனா வெட்டிடுவேன். அடிவரிசைக்கு ஓடவும் முடியாது.

இராஜாங்கம்: ஹா... இரு. இரு, இரு. இவரு தலையை ஆட்டுறாரு... சரிங்கறாரு. வந்துட்டடா! அடுத்து சிப்பாய் ராணி. அவ்வளவுதான?

துரைராசு: அவ்வளவுதான்! யானை எங்க ஓடுனாலும் ராணி!

இராஜாங்கம்: ஜும்மாவுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு பாரு.

துரைராசு: ஒங்களுக்கு எதுக்குப்பா ஜும்மா?

இராஜாங்கம்: ...பக்கத்துல இருக்கவரு போவணும்னாரு. கேஸு அதுக்குள்ள கூப்பிட்டா தேவலன்னு.

துரைராசு: பாயா அவரு?

இராஜாங்கம்: ஏன், மன்னார்குடி கோர்ட்டுக்கு ஊருபட்ட பாய்மாரு வர்றாங்க. இரு... என்னாங்க? எங்க?... அட ஆமாங்க. டேய், முடியலடா.

துரைராசு: என்ன முடியல?

இராஜாங்கம்: யானை பின்வாங்கி ஒரு கட்டம் மேல போயி நிக்குது. நீ ராணி எடு. எடுத்தியா? அது குறுக்க வந்து, ராஜாவுக்கும் ராணிக்கும் நடுவுல நின்னு செக்கு வைக்குது.

துரைராசு: வைக்கட்டும், தலையைக் குடுக்குது. ராணியால வெட்டுறேன்.

இராஜாங்கம்: வெட்டு. இப்ப கறுப்பு ராஜாவைப் பாரு. மூலையில கெடக்காரே, அவரு எங்க நகர்வாரு?

துரைராசு: பக்கத்துக் கட்டம்... என் ராஜா பாக்குறாரு. குறுக்குக் கட்டம், அதுவும். மேல... மேல ராணி கோணையில பாக்குது. செக்கும் இல்ல, நகரவும் முடியாது. அய்யோ. ஸ்டேல்மேட்டு!

இராஜாங்கம்: அதான். வெட்டுனா சமம். வெட்டலன்னா ராணி போச்சு. செத்துப்போன யானை ஆட்டத்தைக் காப்பாத்திட்டுப் போவுது பாரேன்.

துரைராசு: அப்ப ஜெயிக்கவே முடியாது. பேப்பர்காரன் தப்பா போட்டிருக்கான்.

இராஜாங்கம்: அப்படிச் சொல்லாதடா தம்பி. யோசி. டவாலி டீயைக் குடிச்சிட்டு வந்துட்டான்... யோசி.

துரைராசு: ஏம்ப்பா இதுக்குப் போயி இப்படிப் பதறுறீங்க? கேஸுக்குப் பதறுங்க.

இராஜாங்கம்: ரெண்டும் ஒண்ணுதான்... சும்மா சொன்னேன். யோசிடா.

துரைராசு: இருங்க, யோசிக்கிறேன்.

இராஜாங்கம்: அங்க எதோ போன் அடிக்குது.

துரைராசு: ரூம்காரன் போனு.

இராஜாங்கம்: எடுக்கச் சொல்லேன். காதைக் கிழிக்குது.

துரைராசு: எடுக்க மாட்டான். அவங்க அத்தா போடுறாரு. ரெண்டு வாரமா பேசுறதில்ல.

இராஜாங்கம்: அத்தாவா? மலையாளிங்க அப்பனை 'வாப்பா'ம்பாங்க, 'உப்பா'ம்பாங்க. அத்தாங்குறது நம்ம கூத்தாநல்லூரு பக்கமுல்ல?

துரைராசு: ...என் வாயில வந்துருச்சு.

இராஜாங்கம்: நின்னுபோச்சு. ...ம். இங்க இவரும் மகனுக்குத்தான் போட்டாரு. எடுக்கலயாம். இந்தக் காலத்துப் புள்ளைங்களே இப்படித்தான் போல. ...மறுபடி போடுறாரு பாவம். மறுபடி அங்க அடிக்குது.

துரைராசு: அப்பா, ஆட்டத்தைப் பாப்பமா?

இராஜாங்கம்: பாப்பம்... பாப்பம். யாருடா அது, யானை யானைன்னு கத்துறது?

துரைராசு: யாரும் கத்தலயே.

இராஜாங்கம்: 'யானையா மாத்தச் சொல்லுடா'ன்னு கேட்டுச்சு. ஒன் மலையாளிக்கு தமிழ் நல்லா வருதே.

துரைராசு: ஊர்ல தமிழ்ப் படம் பாப்பான்... அப்பா, விடை அதுதான்! ராணி எடுக்காதீங்க. கடைசிக் கட்டத்துல சிப்பாயை யானையா மாத்துங்க!

இராஜாங்கம்: யானையாவா? அது செல்லாதுடா. கடைசிக் கட்டம் போனா ராணிதான். எங்க படிப்பகத்துல அதான் சட்டம்.

துரைராசு: எந்தப் படிப்பகம்?

இராஜாங்கம்: கடைத்தெரு கழகப் படிப்பகம்டா. நானும்... நாங்க வயசுப் பசங்க எல்லாம் அங்கதான ஆடக் கத்துக்கிட்டோம். பஞ்சநதம்னு ஒருத்தரு பொறுப்பாளரு. யானை ரெண்டு தொலைஞ்சுபோயி, தீப்பெட்டிதான் யானை. அதுலயும் எவனாவது குச்சியை எடுத்து பீடி பத்த வச்சிருவான். அதனால புதுசா யானையெல்லாம் கேக்கப்படாது, ராணி மட்டுந்தான்னு சொல்லிட்டாரு.

துரைராசு: அது தீப்பெட்டி இல்லாததுக்குப் போட்ட சட்டம்பா! ஒலகத்துல எல்லா எடத்துலயும் சிப்பாய் எதுவா வேணா மாறலாம். யானையா, குதிரையா, எதுவா வேணா.

இராஜாங்கம்: நெசமாவா? ...ஏங்க, கேட்டீங்களா? நம்ம ரெண்டு பேருக்கும் இத்தனை வருஷமா யாரும் சொல்லலியே!

துரைராசு: நம்ம ரெண்டு பேருக்குமா?

இராஜாங்கம்: இவரும் எதோ படிப்பகத்துல கத்துக்கிட்டவருதான் போல. சரி, ராணி கைக்கு வர்றப்ப அதை வுட்டுட்டு எவன்டா யானை கேப்பான்? கூறு கெட்டவன்தான் கேப்பான்.

துரைராசு: கேட்டுப் பாருங்க. யானை ஆயிட்டேன். கறுப்பு யானை முன்ன மாதிரியே குறுக்க வந்து தலையைக் குடுக்குது. வெட்டுறேன். இப்ப என் யானை கோணையில பாக்காது. மூலையில கெடக்குற ராஜாவுக்கு மேல ஒரு கட்டம் தொறந்திருக்கு. அவரு நகரலாம். ஸ்டேல்மேட்டு இல்ல!

இராஜாங்கம்: ...ஆமா.

துரைராசு: அவருக்கு நகர எடம் குடுத்தாத்தான் நம்ம ஜெயிக்கிறோம்.

இராஜாங்கம்: சரி, அது தலையைக் குடுக்கல. வேற எங்கயோ போவுது. அப்ப?

துரைராசு: நான் ஓரத்துக் கோட்டுல செக்கு வச்சா மேட்டு. அதைத் தடுக்க ஓரத்துக்குத்தான் வந்தாவணும். வந்தா... இருங்க... என்ன? ...ஆங், ராஜாவைக் கோணலா ஒரு கட்டம் மேல வைக்கிறேன். யானையை வெட்டுவேன்னு ஒரு மெரட்டு, அடிவரிசையில மேட்டுன்னு ஒரு மெரட்டு. ரெண்டையும் அதால தடுக்க முடியாது!

இராஜாங்கம்: அடேங்கப்பா... முடிஞ்சுச்சு.

துரைராசு: முடிஞ்சுச்சு! இப்பவாச்சும் கேஸைப் பேசலாமா?

இராஜாங்கம்: இரு. இதை நீயாத்தான் கண்டுபிடிச்சியா?

துரைராசு: ...ஆமா.

இராஜாங்கம்: மறுபடி போன் அடிக்குதுடா அங்க.

துரைராசு: அடிக்கட்டும்பா.

இராஜாங்கம்: இங்க இவரு பட்டனை அமுக்குனா அங்க அடிக்குது. இவரு நிறுத்துனா அங்க நிக்குது. மூணு தடவையும் பாத்துட்டேன். ஒன் ரூம்காரன் பேரு என்ன?

துரைராசு: அப்பா...

இராஜாங்கம்: பேரு என்னடா?

துரைராசு: கலந்தரு.

இராஜாங்கம்: எந்தக் கலந்தரு?

துரைராசு: நீங்க எழுதிக் குடுத்த கலந்தருதான்பா. யூசுப் பாய் மகன். நான் வந்ததுலேருந்து ஒரே ரூம்தான். மேல் கட்டில் அவன், கீழ் கட்டில் நான். சொன்னா நீங்க ரூமை மாத்துன்னு சொல்வீங்க... அவங்க வீட்டுலயும் தெரியாது. ஆட்டம் பூரா அவன்தான் சொன்னான். எனக்கு குதிரை எப்படிப் போவும்னே சரியாத் தெரியாது. கோவப்படாதீங்க. ஒண்ணு சொல்லிடுறேன். நீங்க வரப்புல அடிபட்டு விழுந்தீங்களே, அன்னிக்கு எனக்கு இங்க டெங்கு. ஒங்களுக்குச் சொல்லல. எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். கலந்தரு ட்யூட்டிக்குப் போவல, அன்னிக்குச் சம்பளத்தையும் வெட்டிட்டாங்க அவனுக்கு. கஞ்சி காய்ச்சி ஒரு வாயா ஊட்டுனான். அந்த நேரத்துலதான் அவன் ஒங்களை அடிச்சான்னு நீங்க ஸ்டேஷன்ல எழுதுனது. ஊர்லேருந்து போன் வந்தப்ப எனக்கு முன்னாடி அவன்தான் அழுதான்பா.

இராஜாங்கம்: ...அவன்கிட்ட போனைக் குடு.

துரைராசு: திட்டாதீங்கப்பா.

இராஜாங்கம்: குடுறா.

கலந்தர்: மாமா... நல்லா இருக்கீங்களா? கை தேவலையா?

இராஜாங்கம்: கை தேவலை தம்பி. ஒனக்கு பாஸ்போர்ட்டு என்ன ஆச்சு?

கலந்தர்: இவனுக்கு ஆனதுதான் எனக்கும். ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் எழுதிப் போட்டோம், ஒரே பதில்தான் வந்துச்சு.

இராஜாங்கம்: அத்தாகிட்ட ஏன் பேச மாட்டேங்குற?

கலந்தர்: ராசின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டேன் மாமா. இராஜாங்கம் சொன்னா நான் சொல்றேன்னு சொன்னாரு. கோவத்துல வச்சிட்டேன். நீங்களாச்சும்... நீங்க கொஞ்சம்... மாமா? லைன்ல இருக்கீங்களா? யாரோ இருமுறாங்களே... அழுவுறாங்களா?

இராஜாங்கம்: இருமலுதான். ...டவாலி கூப்பிட்டுட்டான் தம்பி.

கலந்தர்: மாமா, உள்ள போயி என்ன சொல்லப் போறீங்க? நான் அடிக்கலன்னாச்சும்...

இராஜாங்கம்: கலந்தரு, அந்தப் போனை எடுத்துப் பேசு. ஒங்கத்தா என் பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு, காலையிலேருந்து ஒரே பெஞ்சுலதான், ஸ்பீக்கர்ல அம்புட்டையும் கேட்டுட்டாரு... யாரு முதல்ல எந்திரிச்சு ராசின்னு சொல்றதுன்னு தீராமத்தான் நாங்க இந்தப் புதிரைப் பந்தயமா வச்சோம். விடை சொன்ன புள்ளையோட அப்பன் ஒக்காந்திருக்கலாம், மத்தவன் முதல்ல போவணும்... விடை நீ சொல்லிட்ட தம்பி. நான் எந்திரிச்சுட்டேன்.